சருமத்தின் வழியே ஓர் ஔஷதம்

சித்தூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை புத்தலப்பட்டை அடைந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பீலேரு, கடப்பை வழியாகக் கர்நூலுக்குப் போக, மற்றொன்று சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குச் செல்கிறது. வேலூர்ப் பக்கத்திலிருந்து வேங்கடவனைத் தரிசிக்கப் புறப்படும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ தலைமுறைகளாக இந்தச் சந்திப்பைக் கடந்துதான் போய் வருகின்றன. இவ்வூரிலேயே பிறந்து, இவ்வூரிலேயே வாழ்க்கைப்பட்டு, வருஷத்திற்கு ஒரு முறையேனும் மலையேறாமல் இருந்ததில்லை என்ற பெருமையோடு அறுபத்தைந்து வயதைக் கடந்த என் பெரியம்மா, சில வருஷங்களுக்கு முன் திடீரென்று அந்த யாத்திரையை நிறுத்திவிட்டாள். முதலில் கால்வலி என்றாள். பிறகு மாடு கறக்க வீட்டில் ஆளில்லை என்றாள். அதன் பிறகு, பெருமாள் இருந்த இடத்திலிருந்தே நம்மைப் பார்த்துக்கொள்வான் என்றாள். உறவினர் வீட்டுக் கலியாணங்களுக்குப் போவதும் குறைந்தது. போனாலும் பந்தலின் ஓரத்தில், கொல்லைப்புறக் கதவுக்கு அருகில் உட்கார்ந்துகொண்டு, தாலி கட்டி முடிந்ததும் கிளம்பிவிடுவாள். காரணம் என்னவென்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

உண்மையை அவள் முதன்முதலாகச் சொன்னது அமெரிக்காவில் வாழும் தன் மகளிடம். அதுவும் தொலைபேசியில், முகம் பார்க்காமல் பேசும் தைரியத்தில். சிறுநீர் வருகிறது என்ற உணர்ச்சி எழுந்த மாத்திரத்திலேயே எழுந்து ஓட வேண்டியிருக்கிறது, ஓடியும் சில சமயம் எட்டுவதில்லை, புடைவை நனைந்துவிடுகிறது, இரவில் நான்கு முறை எழுந்திருந்தால்தான் பொழுது விடிகிறது என்று அவள் சொன்னதைக் கேட்ட மகள், அந்நாட்டு மருந்துக் கடைகளில் இதற்கென்றே ஒரு பிளாஸ்திரி விற்பதாகச் சொல்லியிருக்கிறாள். அதை நம்பவும் மாட்டாமல் தள்ளவும் மாட்டாமல், ஒரு நாள் மாலை பெரியம்மா என்னைக் கேட்டாள்: "தோலின்மேல் ஒட்டினால் வயிற்றுக்குள்ளே இருக்கிற பை எப்படியப்பா அடங்கும்? நீ நாலும் படித்தவன்தானே, சொல்லு." அன்று அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். அவளைப் போல் காரணத்தை வெளியில் சொல்லாமல் வாசற்படிக்குள் ஒடுங்கிவிட்ட தாய்மார்களும் பெரியவர்களும் நம்மிடையே பலர் உண்டு என்பது, இந்த விஷயத்தைப் பிறரிடம் பேசத் தொடங்கிய பிறகு எனக்குத் தெரிந்தது.

ஆரோக்கியமான சரீரத்தில் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக்கொண்டே இருக்கின்றன. அதை ஏந்திக்கொள்ளும் பை, தானே சுருங்கி விரியும் தசையால் ஆன ஓர் அவயவம். நிறைய நிறைய விரிந்து கொடுத்து, உள்ளே அழுத்தம் ஏறவிடாமல் 400, 500 மில்லிலிட்டர் வரை பொறுமையாகத் தாங்கும் ஸ்வபாவம் உடையது. 150 அல்லது 200 மில்லிலிட்டர் சேர்ந்ததும் மூளைக்கு முதல் செய்தி போகிறது. 'இப்போது வேண்டாம்' என்று மூளை ஆணையிட, தசையும் அடங்கிக் கிடக்கிறது. குழந்தைப் பருவத்தில் நாம் கற்றுக்கொண்ட முதற் பாடங்களில் ஒன்றாகிய இந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, பை நிறைவதற்கு முன்பே, மூளையின் அனுமதியில்லாமலே தசை சுருங்கத் தலைப்படுவதுதான் மிகைச் செயல்பாடு கொண்ட சிறுநீர்ப்பை என்று வைத்தியர்கள் கூறும் நிலை. தள்ளிப்போட இயலாத அவசரமே இதன் பிரதான லக்ஷணம் என்றும், அடிக்கடி போவது, இரவில் எழுவது, சில சமயம் துணி நனைவது ஆகியவை அதனோடு சேர்ந்து வரலாம் என்றும் சர்வதேச கான்டினென்ஸ் சங்கம் 2002-இல் வரையறுத்தது. இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் சிறிது கசிவது இதுவன்று. அது பையின் வாயிலைத் தாங்கும் தசைகளின் பலவீனத்தால் வருவது, அதற்குச் சிகிச்சையும் வேறு.

வெட்கம் இந்த நோயாளிகளை ஒரு விபரீதமான வைத்தியத்தில் இறக்கிவிடுகிறது. வெளியே கிளம்ப வேண்டிய நாளில் விடிந்தது முதல் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். சித்திரை வைகாசியில் சித்தூர்ச் சீமையின் வெயில் எப்படிப்பட்டதென்று மாந்தோப்புகளில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் நாவறள நின்றால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை இன்னும் உறுத்துகிறது, கிருமிகளுக்கும் கல்லுக்கும் இடமுண்டாகிறது, அடங்க வேண்டிய அவசரம் அதிகமாகிறது. திருமலையில் காத்திருப்போர் கூடங்களில் கழிப்பறைகள் இல்லாமலில்லை. ஆயினும், முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கானவர்கள் நெருங்கி நிற்கும் வரிசையை விட்டு விலகி, அத்தனை பேரையும் தாண்டிப் போய், மறுபடி தன் மனிதர்களைக் கண்டுபிடித்துச் சேர்ந்துகொள்வது வயோதிகப் பெண்ணுக்கு எத்தகைய சோதனை என்பதை நினைத்துப் பார்த்தால், பெருமாள் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வான் என்ற வாக்கியத்தின் உள்ளே இருந்த துக்கம் தெரியும். அது தெரியாமல் அவளுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று ஒரு முறை சொன்னவன் நான்.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். நரம்பு தசைக்கு எப்படிக் கட்டளையிடுகிறது என்பது நீண்ட காலம் விவாதத்திற்குரிய விஷயமாக இருந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஓட்டோ லோவி, நரம்பைத் தூண்டி நிதானப்படுத்திய ஒரு தவளையின் இருதயத்திலிருந்து திரவத்தை எடுத்து மற்றொரு தவளையின் இருதயத்தின்மேல் விட, அதுவும் நிதானமடைந்ததைக் கண்டு, நரம்பின் நுனியிலிருந்து கசியும் ஒரு ரசாயனப் பொருளே செய்தியைச் சுமந்து செல்கிறது என்று 1921-இல் நிரூபித்தார். இந்தப் பரிசோதனையின் யோசனை அவருக்குக் கனவில் தோன்றியதென்றும், முதல் இரவு தூக்கக் கலக்கத்தில் கிறுக்கி வைத்ததைக் காலையில் படிக்க முடியாமற் போக, மறு இரவு மீண்டும் அதே கனவு வந்தபோது நேரே ஆராய்ச்சிக்கூடத்திற்குப் போய்விட்டார் என்றும் அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அசெட்டைல்கோலின் என்ற அந்தப் பொருளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கும் இங்கிலாந்தின் ஹென்றி டேலுக்கும் 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது. இருதயத்தை நிதானப்படுத்தும் அதே பொருள்தான், சிறுநீர்ப்பையின் தசையை அடைந்ததும், 'சுருங்கு' என்கிறது. அந்தக் குரல் தசையின் செவியில் விழாமல் தடுத்துவிட்டால் பை சாந்தமடையும்.

இப்படித் தடுக்கும் பொருள்கள் நமக்குப் புதியவையல்ல. புத்தலப்பட்டின் வேலியோரங்களில் எக்காளம் போன்ற வெள்ளைப் பூவோடு நிற்கும் ஊமத்தையில் இருப்பவை இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஊமத்தங்காயைத் தெரியாமல் தின்றவனுக்கு வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, சிறுநீர் கட்டி, புத்தி தடுமாறுவதைக் கிராமத்தார் அறிவார்கள். ஒரே பொருள் சரீரத்தில் பல இடங்களிலும் அசெட்டைல்கோலினின் குரலை அடைத்துவிடுவதால் நேரும் விளைவுகள் அவை. பையை மட்டும் அடக்கி மற்ற அவயவங்களைத் தொந்தரவு செய்யாத மருந்தைத் தேடுவதே அன்று முதல் இன்று வரை இத்துறை நிபுணர்களின் கவலையாக இருந்து வருகிறது.

அப்படிச் செயற்கையாக ஆக்கப்பட்டு, அமெரிக்காவில் 1975-இல் அனுமதி பெற்ற மருந்து ஆக்ஸிபியூட்டினின். நம் நாட்டிலும் அது மாத்திரையாக வழங்கி வருகிறது. பையை அது அடக்கியது உண்மை. ஆனால் நோயாளிகளில் பலர் சில மாதங்களிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். வாய் அவ்வளவு உலர்ந்தது. சோறு தொண்டையில் இறங்கவில்லை, பேச நாக்கு எழவில்லை, மலம் இறுகியது. உலர்ந்த வாயை நனைக்க மேலும் மேலும் தண்ணீர் குடிக்க, எந்த உபத்திரவத்திற்காக மருந்து உட்கொண்டார்களோ அதுவே திரும்பி வந்தது.

இதன் காரணத்தை ஆராய்ந்தபோது வெளிப்பட்ட உண்மைதான் எனக்கு இந்தச் சரித்திரம் முழுவதிலும் மிகுந்த ஆச்சரியத்தைத் தந்தது. நாம் விழுங்கும் எந்தப் பொருளும் குடலிலிருந்து நேராகச் சரீரமெங்கும் போய்விடுவதில்லை. முதலில் கல்லீரல் என்ற சுங்கச் சாவடியைக் கடந்தாக வேண்டும். குடற்சுவரும் கல்லீரலும் ஆக்ஸிபியூட்டினினைப் பிடித்து உருமாற்றிவிடுகின்றன. விழுங்கியதில் நூற்றில் ஆறு பங்கு போலத்தான் மருந்து தன் சொந்த உருவத்தோடு ரத்தத்தை அடைகிறது. மற்றவற்றில் பெரும் பங்கு வேறு பொருளாக மாறி, மூலமருந்தைப் போல் பல மடங்கு அளவில் ரத்தத்தில் சஞ்சரிக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளை வறளச் செய்வதில் பெரும்பங்கு இந்த உருமாறிய பொருளுக்கே உரியது என்பது நிபுணர்களின் அபிப்பிராயம். ஆகவே குற்றம் மருந்தினுடையதாக மட்டும் இல்லை. அது போன வழியினுடையதாகவும் இருந்தது. எங்கள் ஊர்ச் சந்திப்பில் நின்று பார்ப்பவனுக்கு இது சுலபமாக விளங்கும்: சித்தூரில் ஏறிய அதே பிரயாணி, எந்தக் கிளையில் திரும்புகிறான் என்பதைப் பொறுத்து வேறு ஊர் போய்ச் சேருகிறான்.

மற்றொரு கிளை சருமம். சருமத்தின் வழியே நோயைத் தொடலாம் என்ற எண்ணம் நம் பாட்டிமார்களுக்கு இல்லாதது அன்று. தலைவலிக்கு நெற்றியில் சுக்குப் பற்று, உஷ்ணத்திற்குத் தொப்புளில் விளக்கெண்ணெய், நீர்க்கடுப்புக்குக் கால் பெருவிரலில் சுண்ணாம்பு என்று அவர்கள் வைத்திருந்த முறைகள் பல. ஆனால் சருமம் அவ்வளவு சுலபமாகத் திறக்கும் கதவு அன்று. அதன் மேற்படலம், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைப் போன்ற மெல்லிய அடுக்காக இருந்தும், இறந்த செல்களைச் செங்கல்லாகவும் கொழுப்பைச் சாந்தாகவும் வைத்துக் கட்டிய மதில் போன்றது. வெளியிலிருப்பது உள்ளே போகாமலும் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும் காப்பதே அதன் தொழில். மூலக்கூறு சிறியதாகவும், எண்ணெய்ப் பசையில் கரையும் தன்மையுடையதாகவும், சிறு அளவிலேயே பலன் தருவதாகவும் இருக்கும் ஒரு சில மருந்துகளுக்கே அந்த மதில் வழிவிடும். உருகுவே நாட்டில் பிறந்த அலெஹாந்திரோ ஸஃபரோனி, தம் பெயரின் எழுத்துக்களைக் கொண்டே அல்ஸா என்று பெயரிட்டு 1968-இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம், இந்த வழியை முறைப்படி ஆராய்ந்தது. அதன் பயனாக 1979-இல் அனுமதி பெற்ற முதல் மருந்துப் பிளாஸ்திரியில் இருந்தது, நமது ஊமத்தையிலும் உள்ள ஸ்கோபோலமின். பிரயாணத்தில் வரும் வாந்தியைத் தடுக்கக் காதின் பின்புறம் ஒட்டிக்கொள்வதற்காக அது செய்யப்பட்டது. திருமலைக்கு வளைந்து வளைந்து ஏறும் பேருந்தில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதன் நினைவு வருகிறது.

ஆக்ஸிபியூட்டினினும் சிறிய மூலக்கூறு; கொழுப்பில் கரைவது. அதை ஏந்திய ஆக்ஸிட்ரால் என்ற பிளாஸ்திரிக்கு 2003-ஆம் வருஷம் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. 39 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள, ஒளி ஊடுருவும் அந்தச் சிறு ஏட்டில் 36 மில்லிகிராம் மருந்து அடங்கியிருந்து, நாளொன்றுக்கு 3.9 மில்லிகிராம் வீதம் சருமத்தின் வழியே மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது. மாத்திரையாக 10, 15 மில்லிகிராம் விழுங்க வேண்டியிருந்த இடத்தில் இவ்வளவு சொற்பம் போதுமானதற்குக் காரணம், கல்லீரலின் சுங்கத்தை முதலிலேயே கட்ட வேண்டிய அவசியம் இல்லாததே. உருமாறிய பொருளும் ஏறத்தாழ மூலமருந்தின் அளவிலேயே நிற்பதால் வாய் வறட்சி வெகுவாகக் குறைந்தது. பரிசோதனைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவானவர்களே அதைச் சொன்னார்கள். இந்த மருந்தையே ஆல்கஹாலில் கரைத்து, நாளுக்கு ஒரு முறை வயிற்றிலோ தொடையிலோ மேற்கையிலோ தடவிக்கொள்ளும் ஜெல்லாக 2009-இல் வெளியிட்டார்கள். 2013 ஜனவரியில், வைத்தியரின் சீட்டில்லாமலே பெண்கள் பிளாஸ்திரியை வாங்கிக்கொள்ளலாம் என்று அமெரிக்கா அனுமதித்தது. ஆண்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்களிடம் இதே லக்ஷணங்கள் பிராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்தாலும் வரக்கூடுமாதலால், பரிசோதனையின்றி மருந்து கொடுப்பது தவறாகும். ஜப்பானியரும் அதே ஆண்டில் தினம் ஒன்று ஒட்டும் தங்கள் சொந்தத் தயாரிப்பைக் கொண்டு வந்தார்கள்.

பிளாஸ்திரியை அடிவயிற்றிலோ இடுப்பிலோ பிருஷ்டத்திலோ ஒட்டி, மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை, வாரத்தில் இரு முறையாக மாற்ற வேண்டும். ஒட்டிய இடத்திலேயே ஒரு வாரத்திற்குள் மறுபடி ஒட்டலாகாது. நம் வீட்டுப் பெண்களுக்கு இரண்டு விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாவாடை நாடாவும் புடைவைக் கொசுவமும் இறுகி உராயும் இடத்தில் ஒட்டினால் அது பெயர்ந்துவிடும். சற்றுக் கீழே தள்ளி ஒட்ட வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்பிலும், பவுடர் பூசிய உடம்பிலும் அது பிடிக்காது. சருமம் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். ஜெல்லானால், ஆல்கஹால் கலந்திருப்பதால் முழுவதும் உலரும் வரை அடுப்பருகிலும் விளக்கருகிலும் போகலாகாது. உலர்ந்த பிறகும் அந்த இடத்தைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும், ஏனெனில் பாட்டியின் தோலிலிருந்து மடியில் படுத்த பேரக்குழந்தையின் தோலுக்கு மருந்து ஒட்டிக்கொள்ளும். கழற்றிய பிளாஸ்திரியிலும் மருந்து மிச்சமிருப்பதால் அதை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகளும் நாய் பூனைகளும் எடுக்காத இடத்தில் போட வேண்டும்.

குறைகளை மறைத்துப் புகழ்வது நோயாளிகளுக்குச் செய்யும் துரோகம். ஒட்டிய இடத்தில் அரிப்பெடுப்பது இதன் பெருங்குறை. பரிசோதனைகளில் நூற்றுக்கு 14 முதல் 17 பேர் வரை அதனால் அவஸ்தைப்பட்டார்கள். மருந்து ஏதுமில்லாத வெறும் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டவர்களுக்கும் ஓரளவு குணம் தெரிந்ததென்பதையும், மருந்துள்ளது அதைவிட மேலான பலன் தந்ததெனினும் அந்த வித்தியாசம் மிதமானதே என்பதையும் சொல்லியாக வேண்டும். வியர்வையைக் குறைக்கும் குணம் இதற்கு உண்டாகையால், கடும் வெயிலில் அலைபவர்களுக்கு உடம்பு சூடேறி மயக்கம் வரக்கூடும். குளிர்நாட்டாரைவிட நாம் அதிகம் கவனிக்க வேண்டிய விஷயம் இது. கட்டுக்கடங்காத ஒருவகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களும், சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்குபவர்களும் இவ்வினத்து மருந்துகளைத் தொடலாகாது. எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. இவ்வினத்து மருந்துகளை வருஷக்கணக்கில் அதிகமாக உட்கொண்ட முதியவர்களிடம் மறதி நோய் கூடுதலாகக் காணப்படுகிறதென்று, 65 வயதைக் கடந்த 3,434 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று தெரிவித்தது. மருந்தே மறதிக்குக் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. இருந்தாலும் என் பெரியம்மாவின் வயதில் ஒருவருக்கு எந்த வடிவத்தில் கொடுப்பதானாலும், இவ்வளவு போதுமா, இன்னும் வேண்டுமா என்று வைத்தியர் அவ்வப்போது யோசித்துப் பார்ப்பதே முறை.

வேறு வழிகளும் உண்டு. 2011-இல் ஜப்பானிலும் அடுத்த வருஷம் அமெரிக்காவிலும் வந்த மிராபெக்ரான், 'சுருங்கு' என்ற குரலை அடைப்பதற்குப் பதில் 'விரிந்து கொடு' என்ற வேறொரு குரலை எழுப்புகிறது. அதனால் வாய் அவ்வளவாக உலர்வதில்லை. இதுவும் சோலிஃபெனசின் முதலிய மாத்திரைகளும் நம் நாட்டில் கிடைக்கின்றன. மருந்துக்கு முன்பே தொடங்க வேண்டியவை இன்னும் எளியவை: காப்பி தேநீரைக் குறைப்பது, மலச்சிக்கலைத் தீர்ப்பது, அமெரிக்க வைத்தியர் அர்னால்ட் கெகல் 1948-இல் பிரசித்தப்படுத்திய அடித்தசைப் பயிற்சி, அவசரம் வந்ததும் ஓடாமல் நின்று சில நிமிஷம் தாங்கி, போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிப் பையை மறுபடி பழக்குவது. இவை எவற்றுக்கும் முன்னால், நீரிழிவோ, கிருமித் தொற்றோ, கல்லோ, வேறு கொடிய நோயோ இந்த வேஷத்தில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். புத்தலப்பட்டிலிருந்து ஒரு கிளையில் போனால் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகம் இருக்கிறது. எதிர்த்திசையில் போனால், ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் எட்டாத தூரமல்ல. எட்டாமல் இருந்தது பெரியம்மாவின் வாயிலிருந்து புறப்பட வேண்டிய ஒரு வாக்கியம்.

"இதைப் போய் ஒரு வியாதியென்று டாக்டரிடம் சொல்லுவார்களாப்பா?" என்று அவள் கேட்டதற்கு, சொல்லுவார்கள் பெரியம்மா, தினந்தோறும் சொல்லுகிறார்கள் என்றேன். அரை மனதோடு கிளம்பி வந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த பெண் வைத்தியர் பிளாஸ்திரியைப் பற்றிய பேச்சைச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டு, அதற்கு முன் மூன்று நாள் எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு போனீர்கள், எப்போது அடக்க முடியாமற் போயிற்று என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். அடுத்த வாரம் அவரிடம் பெரியம்மா நீட்டியது பழைய பால் கணக்கு நோட்டு. வாய்நிறையத் தமிழ் பேசினாலும் பள்ளிக்கூடத்தில் அவள் கற்றது தெலுங்கு எழுத்துத்தான். மருமகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாகத் தொடங்கி, பொடிப்பொடியான தெலுங்கில் மூன்று நாட்களையும் எழுதி வைத்திருந்தாள். இரவு பதினொன்றரை, ஒன்றேகால், மூன்று, நாலே முக்கால் என்று வைத்தியர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார். எதிரே உட்கார்ந்திருந்த பெரியம்மா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் ஆமாம் என்று தலையை அசைத்தாள்.